மாரிக்கு வைத்த ஆறு கோழிகள்

படைத்தவன் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்குகிறேன். நான் ஏழாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை என் மருமகன் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீட்டு வளவில் கோழி வளர்க்கப் போகிறாராம். "மாமி, மாரியிலயும் முட்டை போடுற இனம் எது எண்டு பார்த்துச் செல்லுங்க" என்று படம் படமாகத் தள்ளிக் காட்டினார். சிவப்பு, வெள்ளை, புள்ளி போட்டது, காலில் இறகு வைத்தது. எல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நின்றன.

"படத்தப் பார்த்து எப்பிடி மகன் செல்லுற? கையில தாங்க, செல்லுறன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்று பகல் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இதை என் வயதுக்காரிகளுக்கு எழுதுகிறேன். பள்ளிக்குப் பின்னால் இருந்த மணல் ஒழுங்கையில் என்னோடு விளையாடியவர்கள் நீங்கள். நான் சொல்லப்போகிற அந்த நாளில் உங்களில் இரண்டு மூன்று பேர் உம்மாமாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வளவில் நின்றீர்கள். நீங்கள் பார்த்தது பாதிதான். மற்றப் பாதியை இத்தனை வருசமாக நான் வைத்திருந்தேன்.

என் வாப்பா துணி வியாபாரி என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடை இல்லை. சைக்கிள்தான் கடை. துணி மூட்டையைக் கட்டி, சைக்கிளோடு தோணியில் ஏறி வாவியைக் கடந்து, வவுணதீவுப் பக்கத்து வயல் ஊர்களுக்குப் போவார். அங்கே கையில் காசில்லாத பெண்கள் சீத்தைத் துணிக்குப் பதிலாக நெல்லோ கோழியோ தருவார்கள். அதனால் எங்கள் வளவில் ஒரு கோழியைப் போல இன்னொரு கோழி இருக்காது. ஒன்று கறுப்பு, ஒன்று கட்டைக்கால், ஒன்றுக்குக் கழுத்தில் இறகே இல்லை.

மாரி மழை பிடித்தால் ஊரில் முட்டை அற்றுப்போகும். வெயில் இல்லை, கிளறிப் பொறுக்கக் காய்ந்த மண் இல்லை. கோழிகள் இறகை உதிர்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும். அந்த நாட்களிலும் போடுகிற கோழி எது என்பதில் ஆளுக்கொரு கதை. வெள்ளைப் பண்ணைக்கோழி போடும் என்பார்கள், அது முதல் ஈரக்காற்றுக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடும். ஊர்க்கோழி மழைக்குத் தாங்கும், ஆனால் பத்து முட்டை போட்டதும் அடைக்குக் குந்திவிடும். கழுத்து மொட்டைச் சாதிதான் நல்லது என்று அக்கரைப் பெண்கள் வாப்பாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

உம்மா இது ஒன்றையும் காதில் எடுக்கமாட்டார். கோழியின் தலையை இடது கக்கத்துக்குள் விட்டு, வாலுக்குக் கீழே வலது கையை வைப்பார். அந்த இடத்தில் இரண்டு எலும்பு முனை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் போனால் முட்டைக்கோழி. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் கறிக்கோழி. பிறகு கொண்டையைத் தொட்டுச் சூடு பார்ப்பார். காலின் மஞ்சள் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார், மஞ்சள் எல்லாம் முட்டைக்குள் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமாம். அவ்வளவுதான். மாரி வருவதற்கு முன் ஒழுங்கைப் பெண்களெல்லாம் தங்கள் கோழிகளை இடுக்கிக்கொண்டு எங்கள் வேலிப் படலைக்கு வருவார்கள். "கொஞ்சம் கை வெச்சிப் பாருங்க" என்பார்கள். உம்மாவுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. வேறு பெருமை அவருக்கு இருக்கவில்லை.

வாப்பா கடைசியாகப் போய்வந்த பயணத்தில் ஒரு பொன்னிறப் பேட்டைக் கொண்டுவந்தார். சைக்கிளின் முன்கூடையில் அது ராணி மாதிரிக் குந்தியிருந்தது. "இது என்ட மகளுக்கு" என்று என் கையில் தந்தார். மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தார். ஒரு கிழமையில் மௌத்தானார். மாரியின் முதல் மழை அப்போதுதான் விழுந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது.

புருசன் மௌத்தான பெண் பிற ஆண்களின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும். உம்மாவின் மூத்த காக்கா, அதாவது என் மாமா, அறை ஜன்னலுக்கு உரச்சாக்கை வைத்து ஆணி அடித்தார். உள்ளே ஒரு பாய், தொழுகைக்கு ஒரு முசல்லா, ஒரு குப்பி விளக்கு, வெள்ளைச் சேலையில் உம்மா. சாக்கு மழைக்கு நனைந்து ஒரு புளித்த மணம் வரும். சாம்பிராணிப் புகையும் அதுவும் சேர்ந்த மணம் இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

முதல் கிழமையே மாமாவின் மனைவியான மாமியும் பக்கத்து வளவுப் பெண்ணும் தாழ்வாரத்தில் நின்று பேசியது எனக்கு நன்றாக ஞாபகம்.

"வளவுல சேவல் ஒண்டு நிக்கிதே" என்றார் மாமி.

"நிண்டா என்னகா?"

"அதும் ஆம்பளதானே."

"அதுக்கென்னகா தெரியும், இத்தாவும் பித்தாவும்?"

"அதுக்குத் தெரியாட்டி என்ன, இவட கண்ணுல படக்கூடாதெல்லோ."

அறைக்குள் இருந்து உம்மாவின் குரல் வந்தது. "நாலு மாசம் கூவாம இரிக்குமா எண்டு அதுக்கிட்டயும் ஒருக்காக் கேட்டுப்பாருங்க மதினி."

மூன்று பேரும் சிரித்தார்கள். வாப்பா மௌத்தான பிறகு உம்மா சிரித்தது அன்றைக்குத்தான். சேவல் பக்கத்து வளவுக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் சுபஹுத் தொழுகைக்கு முன் கூவிக்கொண்டுதான் இருந்தது.

இத்தாப் பெண் தன் சொந்த வளவில் காலை வைக்கக்கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை என்பதை நான் பிள்ளை பெற்றவளான பிறகு ஒரு ஆலிமின் பேச்சில்தான் கேட்டேன். தேவைக்குப் பகலில் வெளியே போகவும் இடம் இருக்கிறதாம். எங்கள் ஆட்கள் பயத்தில் ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சாகப் போட்டுவிட்டார்கள். அன்பில்தான் போட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அறை வாசலில் இருந்து கோழிக்கூட்டுக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். அந்தப் பத்து எட்டை உம்மா நடக்க விட்டிருந்தால், நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வாப்பாவுக்காக ஓதிச் சோறு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தம் நெருங்கியபோது மழை விடாமல் பெய்தது. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். மாமா வந்து குடையை மடக்கி வைத்துவிட்டு, அறைத் திரைக்கு வெளியே குந்தினார்.

"தங்கச்சி, பதினொரு கோழி நிக்கிது. கத்தத்துக்கு எல்லாத்தையும் அறுப்பம். மாரியில இதுகள் சும்மா நிண்டு தின்னும்."

"அறுத்தா மறுகா நாங்க என்னத்தக் குடுத்து அரிசி எடுக்கிற காக்கா?"

"அதுதான் யோசிச்சன். எங்கட கடை முதலாளிட ஊட்டுல கைப்புள்ளையப் பார்க்க ஒரு ஆள் கேக்கிறாங்க. இவள் போகட்டும். நல்லாச் சாப்பிடுவாள். உனக்கும் நான் ரெண்டு கொத்து அரிசி கொண்டு வந்திருவன்."

நான் குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. மாமா கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் ஐந்து வயிறு இருந்தது.

உம்மா திரைக்குக் கிட்ட நகர்ந்து வந்தார். பிறகு சொன்னார்: "அஞ்ச எடுங்க. ஆறை உடுங்க. என்ட கையால பார்த்துத் தாறன். அந்த ஆறும் மாரி முழுக்கப் போடும். முட்டையக் கடையில குடுத்தா அரிசியும் எண்ணெயும் வரும். புள்ள என்னோட நிக்கட்டும்."

மாமா தாடியைத் தடவினார். "உன்ட கைய ஊரே நம்புது. நான் நம்பாம இரிப்பனா? சரி. ஆறும் போட்டா அவள் இஞ்சதான்."

அடுத்த நாள் காலையில் நான் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனேன். இருட்டுக்குள் வந்ததும் அவை அடங்கிவிடும். ஈர இறகு மணக்கும். உம்மா கை வைத்துப் பார்த்து ஒரே சொல்தான் சொல்வார். "வை." அல்லது "குடு." கறுப்பு வை. கட்டைக்கால் குடு. கழுத்து மொட்டை வை. வெள்ளை குடு.

பொன்னிறப் பேட்டை இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டுபோனேன். உம்மா அதைத் தடவினார்.

"நெய்க் கொழுப்பு. ஒரு விரலும் போகுதில்ல. குடு."

"இது வாப்பா கொண்டு வந்தது உம்மா."

"தெரியும்."

"இறகப் பாருங்க, எப்பிடி மினுங்குது."

"முட்டை போடுற கோழிக்கு மினுங்கிறதுக்கு எங்க மகள் நேரம்? இது தனக்கே எல்லாத்தையும் சேர்த்து வெச்சிரிக்கி. குடுக்கிறதோட வை."

"வாப்பா எனக்கெண்டு தந்தது."

"வாப்பா தந்ததும் முட்டை போடணும். போ, அடுத்ததக் கொண்டா."

உம்மாவின் குரல் அப்படி வறண்டு நான் கேட்டதில்லை. இன்றைக்கு நினைத்தால், அந்தக் கோழியைக் குடு என்று சொல்வது என்னைவிட அவருக்குத்தான் பாரமாக இருந்திருக்கும். அவர் முகத்தை இருட்டில் நான் எப்படிக் காண?

அடுத்ததாகக் கொண்டுபோனது ஒரு மண்ணிறக் கோழி. பண்ணைக்கோழியும் ஊர்க்கோழியும் கலந்த சாதி. வால் பாதி இல்லை, முதுகில் இறகு கொட்டித் தோல் தெரியும், கால் வெளுத்து நோயாளி மாதிரி நிற்கும். அதைத் தூக்கவே எனக்கு அருவருப்பு. உம்மா அதைத்தான் அதிக நேரம் மடியில் வைத்திருந்தார்.

"மூணு விரலுக்கும் மேல" என்றார். "இது நிக்கட்டும். மாரிக்கோழி எண்டா இதுதான்."

ஆறைக் கூட்டுக்குள் விட வேண்டும். ஐந்தின் காலை வாழை நாரால் கட்டித் தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். நான் மண்ணிறக் கோழியின் காலைக் கட்டினேன். பொன்னிறப் பேட்டைக் கூட்டுக்குள் விட்டேன். கூட்டில் ஆறு, தாழ்வாரத்தில் ஐந்து. எண்ணிக்கை சரியாக இருந்தது.

"சென்ன மாதிரியே உட்டியா?" என்று உம்மா உள்ளே இருந்து கேட்டார்.

"ஓம் உம்மா."

அன்று மாலை மாமா வந்து ஐந்தையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு எது எதுவென்று தெரியாது.

நாற்பதாம் நாள் விடிய, பள்ளிவாசல் லெப்பை வந்து கோழிகளை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கத்தம் ஓதுவது சரியா பிழையா என்று இப்போது பலரும் வாதாடுகிறார்கள். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. அன்றைக்கு அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. கிடுகுக் கொட்டிலுக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் இருந்து இறகு பிடுங்கினார்கள், வெங்காயம் உரித்தார்கள். நீங்களும் அங்கேதான் ஓடித் திரிந்தீர்கள்.

மாமி மண்ணிறக் கோழியின் வயிற்றைக் கீறினார். கையை உள்ளே விட்டவர் அப்படியே நிறுத்தினார். பிறகு மெதுவாக இழுத்தார். உள்ளே ஒரு முட்டைக்குலை. மிளகளவு, குன்றிமணியளவு, பாக்களவு, பிறகு முழு மஞ்சள் கரு இரண்டு மூன்று. கடைசியில் ஓடு கட்டாத, தோலோடு ஒரு முட்டை. நாளைக்குப் போட வேண்டியது, அதற்கு அடுத்த நாள் போட வேண்டியது என்று வரிசையாகக் கிடந்தது. வெங்காயம் உரித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

மாமி அதை ஒரு பீங்கான் தட்டில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனார். மாமாவும் பின்னால் போனார். நான் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றேன்.

"என்ன புள்ள இது? முட்டைக்கோழியல்லவா தந்திரிக்கிறாய்."

உம்மா குப்பி விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "எந்தக் கோழி மதினி?"

"அந்த இறகு கொட்டின மண்ணிறக் கோழி."

உம்மா தட்டைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். குடத்துத் தண்ணீர் என் சட்டையில் சிந்திக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தது ஒரு யாசீன் ஓதும் நேரம் போல இருந்தது. உண்மையில் இரண்டு மூச்சுத்தான்.

"நான்தான் குடுத்தன்" என்றார். "கை பிழைச்சிட்டு மதினி."

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் உண்மை வந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இது பிழைச்சா, மத்த ஆறும் எப்பிடித் தங்கச்சி? உன்ட கைய நம்பித்தானே நான் ஓம் எண்டன்."

"ஓம் காக்கா."

"மாரி நடுவுல வந்து சோறில்ல எண்டு நிக்கேலாது. புள்ளைய அனுப்புவம்."

உம்மா தட்டை மாமியின் பக்கம் தள்ளி வைத்தார். எனக்கு வாய் இருந்தது. "நான்தான் மாத்தினன், உம்மாட கை சரி" என்று சொன்னால் போதும். அந்த ஐந்து சொல்லும் பச்சை அரிசி மாதிரி வாய்க்குள் அடைத்து நின்றன. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வெளியே பெண்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். "இவட கையும் இப்பிடியாப் போச்சே" என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலாளி வீடு ஊரின் மறு முனையில். தூரமில்லை, ஆனால் மதில் உயரம். என்னை யாரும் அடிக்கவில்லை. நல்ல சோறு தந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்குள்ளால் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு அந்த வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளியில் இருந்து முதலில் கேட்கும். அது முடியப்போகிற நேரத்தில் எங்கள் பள்ளியின் பாங்கு தூரத்தில் தொடங்கும். அந்தக் குரல் வருகிற பக்கம்தான் உம்மா இருக்கிறார் என்று அந்தப் பக்கத்துச் சுவரில் போய்ச் சாய்ந்து நிற்பேன். அவர் சாக்கு அடித்த ஜன்னலுக்குப் பின்னால், நான் கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால். குசினியில் கம்பிக் கூடை நிறைய முட்டை இருக்கும். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கடை முட்டைக்குச் சூடு கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் மாமா வந்து எட்டிப் பார்ப்பார். ஒருநாள் அவரே அதிசயப்பட்டுச் சொன்னார்.

"உம்மாட கோழி அஞ்சும் விடாமப் போடுதுகள் மகள். இந்த மழைக்குள்ள நான் இப்பிடிக் கண்டதில்ல. அந்தப் பொன்னிறக் கோழி மட்டும்தான் சும்மா தின்னுது."

"அப்ப நான் வரட்டா மாமா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "முதலாளிக்குச் செல்லிட்டனே. பாதியில கூட்டிக்கொண்டு போனா மரியாதையில்ல. இத்தா முடியட்டும்."

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று காலை, உம்மா தானே நடந்து வந்தார். முதலாளியின் மனைவி நல்ல முறையில்தான் கேட்டார், "பெருநாள் வரைக்கும் நிக்கட்டுமே, புள்ள இவளோட ஒட்டிட்டு" என்று. உம்மா, "எனக்கு அவள் வேணும்" என்றார்.

மழை முடிந்து வெயில் எறித்தது. உம்மாவுக்குக் கண் கூசியது. அத்தனை நாள் அறைக்குள் இருந்த கால், பத்து வீடு தாண்டுவதற்குள் தள்ளாடியது. மதகுக் கட்டில் குந்திவிட்டார். முகத்தில் முக்காட்டை இழுத்து வெயிலை மறைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"உம்மா, நான்தான் கோழிய மாத்தினன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"தட்டப் பார்த்த உடனே. என்ட கை அந்தக் கோழியக் குடுக்கல்ல."

"அப்ப ஏன் செல்லல்ல? செல்லியிருந்தா மாமா என்னை உட்டிருப்பாரே."

உம்மா முக்காட்டுக்குள்ளால் என்னைப் பார்த்தார். "உட்டிருக்கலாம். உடாமலும் இருந்திருக்கலாம். வெளியில ஏழு பொம்புளை நிண்டாங்க. கள்ளி எண்டு பேரெடுத்து அந்த ஊட்டுப் படலைக்குள்ள போனா, அங்க ஒரு கரண்டி காணாமப் போனாலும் உன்ட கையத்தான் விரிச்சிப் பார்ப்பாங்க. கை பிழைச்சவள்ற மகளெண்டு போனா, பாவம் எண்டு சோறு தருவாங்க." பிறகு எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா நட. எனக்குக் கால் ஏலாது."

அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு யாரும் கோழியை இடுக்கிக்கொண்டு வரவில்லை. ஐந்து கோழி மழை முழுக்கப் போட்டதை ஊர் பேசவில்லை. தட்டில் கிடந்த குலையைத்தான் பேசியது. உம்மா மாரிக்கு முன் தாழ்வாரத்தில் சும்மா இருப்பார், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. மாமாவும் அதன் பிறகு எந்தக் காரியத்திலும் அவரிடம் யோசனை கேட்டதில்லை.

மாமாவிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருசம் இருந்தது. சொல்லவில்லை. அவர் போய்விட்டார், மாமி போய்விட்டார், உம்மாவும் போய்விட்டார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திக் கேட்கிறேன். அல்லாஹ் மன்னிப்பவன். ஆனால் அவனிடம் மட்டும் சொன்னால் போதாது என்று இப்போது படுகிறது, ஏனென்றால் கை பிழைத்தவள் என்ற பேரை உம்மாவுக்கு வைத்தது நம் ஊர். அன்றைக்கு வளவில் நின்றவர்களில் மிச்சம் இருப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

அந்த ஆறில் ஐந்தை உம்மா தெரிந்தெடுத்தார். ஐந்தும் மாரி முழுக்க முட்டை போட்டன. ஆறாவதைத் தெரிந்தெடுத்தது நான்.